வெள்ளைக் கோடு இல்லாத அப்பா

…கோடு போட்டால் செத்தவர், போடாவிட்டால் இருக்கிறவர், அவ்வளவுதானே, இதற்கா காலையிலிருந்து மவுசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று டெல்சிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, குளச்சலில் இந்த ஃப்ளெக்ஸ் கடைக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனை கல்யாண ஃப்ளெக்ஸ் செய்திருப்பாள், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கீழே பெற்றவர்கள் வரிசையாக நிற்பார்கள், அதில் காலமானவர் இருந்தால் அவரை மட்டும் தனியே வெட்டி மேல் மூலையில் நீள்வட்டத்துக்குள் வைத்து, உள்ளே இளநீலம் ஃபில் அடித்து, சுற்றிலும் ஸ்ட்ரோக் என்கிற வெள்ளைக் கோடு கொடுத்து, பெயருக்கு முன்னால் ஒரு குருசு, கை தானாகப் போகும்… இன்று அவளுடைய கல்யாண ஃப்ளெக்ஸ், மூலைக்குப் போகவேண்டியவர் அவளுடைய அப்பா சகாயம், கை போகமாட்டேன் என்கிறது.

போகவேண்டியவர் என்று யார் சொன்னது? சித்தப்பா செல்வன்தான், அண்ணன் புயலில் வள்ளத்தோடு கடலில் போய் எட்டு வருடமாகிவிட்டது, உடல் கிடைக்கவில்லை என்றாலும் இறப்புச் சான்றிதழே வந்தாயிற்று, குருசு போடாமல் ஃப்ளெக்ஸ் கோயில் முன்னால் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் தகப்பனார் எங்கே என்று கேட்பார்களே, யார் பதில் சொல்வது என்று. அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. அம்மா கிரேசி வாதாடவில்லை, மீன் விற்ற கையோடு நேரே கடைக்கு வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அவர என் பக்கத்துல நிறுத்து மக்கா" என்றாள், அத்தோடு சரி. ஏன் இந்த அம்மா இப்படி இருக்கிறாள்… காத்திருந்தால் கடல் திருப்பித் தருமா? டெல்சி தன் மனதுக்குள் அப்பாவை எப்போதோ அடக்கம் பண்ணிவிட்டாள், அழுதும் தீர்த்துவிட்டாள், அதை அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, சொன்னால் தாங்குவாளா…

சரி, நிறுத்தித்தான் பார்ப்போமே. எப்போதோ யாரோ வீட்டு ஞானஸ்நானத்தில் எடுத்த பழைய படம், அப்பாவைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடியது, வெட்டினாள், அம்மாவின் பக்கத்தில் ஒட்டினாள்… ஐயோ, அம்மாவின் தம்பி மாதிரியல்லவா இருக்கிறார், மாப்பிள்ளை அனிஷுக்கு அண்ணன் என்றால்கூட ஊர் நம்பும். சிரிப்பு வந்தது, அம்மா மட்டும் நரைத்துப்போய் நிற்கிறாளே… தலைமுடியை மட்டும் செலக்ட் செய்து சாம்பல் நிறம் ஃபில் அடித்தாள், அடர்த்தியைக் குறைத்தாள், கூட்டினாள், எட்டு வருடத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு நரைக்கும், உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம் நரைக்குமோ, மீசையிலும் கொஞ்சம் வைத்துப் பார்த்தாள்…

"மீசையத் தொடண்டாம் மக்கா" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காதோரம் மட்டும் வை. மீசை அவருக்கு இப்பமும் கறுப்புதான்."

இப்பமும்… டெல்சியின் விரல் நின்றுவிட்டது. நேற்று ராத்திரி சோறு போடும்போது பக்கத்தில் பார்த்தவளைப்போல அல்லவா சொல்கிறாள், அப்படியென்றால் அம்மா காத்திருக்கவே இல்லையா, இத்தனை வருடமும் தினமும் அவரைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு முடி நரைப்பதைக்கூட கவனித்துக்கொண்டு, ஒரே வீட்டில் அவரோடுதான் இருந்தாளா, அப்படியானால் நான் மட்டும் யாரைப் புதைத்துவிட்டு வந்தேன்? சித்தப்பாவின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மீசையின் நரையை அழித்தாள், தலையின் நரையையும் அழித்தாள், காதோரத்துக்கு வந்தாள், திரையில் வெள்ளைக் கோட்டுக்கான ஸ்ட்ரோக் பெட்டி காலையிலிருந்து திறந்தே கிடந்தது, அதை மூடவும் மனமில்லை, ஓகே அழுத்தவும் மனமில்லை…

"எவ்வளவும்மா நரைச்சிருக்கு?" என்று கேட்டாள்.