ஓரகத்தி வேலை பார்க்கும் பண்ணை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் திறந்திருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பல் போய், அளவு கொடுக்கப் பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். செயற்கைப் பல் செய்து பொருத்துகிறவரை அங்கே எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வாய்க்குள் அச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் பேசினார். ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே கதையில் ஓட்டைகள் இருக்கும்.

(கதைக்குள் பல்லக்காவை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். தப்பே செய்யாதவர்போல் ஆகிவிடுகிறார்.)

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று அமைதியாக —’ வேண்டாம். கடல் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவே இல்லை.

இரண்டாவது: ‘பதினோரு வருடப் பகை —’ பகை என் சொல். அவர் சொன்னது, “பேச்சு நின்னுபோச்சு.”

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு மருமகள்கள். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆளுக்கொரு நாள் என்று முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் மதியம் கட்டிலருகே யாரும் இல்லை. அந்த மதியம்தான் மாமியார் போனார். “இன்னைக்கு அக்கா முறை” என்று சின்னவள் அடித்துச் சொன்னாள். பெரியவள் வாயே திறக்கவில்லை. வீடு இரண்டானது.

பதினோரு வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னவளின் கணவன் தற்செயலாகச் சொன்னான்: “அண்ணி இப்போ கடலோரப் பண்ணையில ஆடு பாத்துக்கறாங்களாம்.”

அந்த வாரமே விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள். சண்டை போடவா, சமாதானம் பேசவா? “சும்மா பாக்கணும்னு தோணுச்சு” என்றார் பல்லக்கா. எழுத்தாளனுக்கு இது போதாத காரணம். எனக்குத் தெரிந்து மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறார்கள்.

3

பேருந்தின் கடைசி நிறுத்தம். நகரத்தின் அடுக்குமாடிகள் முதுகுப் பக்கம் சிறுத்துத் தெரிந்தன. வாசலில் கைகழுவச் சொல்லும் பலகை. அதற்குப் பக்கத்தில் தீனி போடாதீர்கள் என்று இன்னொன்று. முட்டைக்கோஸ் பாத்திகள், வாத்துக் குட்டை, யாரையும் சட்டைசெய்யாத ஒரு கழுதை. உப்புக் காற்றில் கம்பிவேலியெல்லாம் துருவேறிக் கிடந்தது. பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்கள் குளிருக்கு ஒடுங்கி நின்றார்கள்.

ஆட்டுக் கொட்டகையில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி முழங்கால் போட்டிருந்தாள். முதுகைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆடு ஈன முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. குட்டியின் மூக்கு தெரிகிறது, ஒரு குளம்பு தெரிகிறது, அதற்குமேல் வரவில்லை.

“டாக்டர் வர ஒரு மணி நேரமாகுமாம்,” என்றாள் பெரியவள், திரும்பாமலே. “என் கை உள்ள போகமாட்டேங்குது. சின்னக் கையா யாராவது இருக்கீங்களா?”

தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டாள். அரிசி அளவு பல்லைத் தேய்த்துத் தேய்த்து மெலிந்த விரல்கள்.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான்.

“முழங்கை வரைக்கும் சோப்புப் போடு. தலையை மெதுவா உள்ள தள்ளு. இடம் கெடைக்கும். என்ன தட்டுப்படுது?”

“கால் மடங்கியிருக்குக்கா.”

அந்த ‘அக்கா’ தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

“குளம்பை உள்ளங்கையில பொத்திக்கோ. பொத்தாம இழுத்தா தாய்க்குக் கிழிஞ்சிரும். ஆட்டுக்கு வலி எடுக்கும்போது இழு. இப்போ.”

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. அசைவில்லை. பெரியவள் மூக்கைத் துடைத்து, வைக்கோல் துணுக்கால் நாசிக்குள் குத்தி, விலாவைப் பரபரவென்று தேய்த்தாள்.

(முதலில் எழுதியபோது இங்கே நான் குட்டியைச் சாகடித்தேன். பிழைத்தால் கதை இனித்துவிடும் என்று பயம். பல் பொருத்தும் நாளில் பல்லக்காவிடம் சொன்னேன். “உங்களுக்கென்ன சார், நோகாம எழுதிடுவீங்க. கை வச்சது நானு” என்றார்.)

குட்டி தும்மியது. இரண்டாவது குட்டி யார் உதவியும் கேட்காமல் தானே வந்தது.

4

குழாயடியில் இருவரும் கை கழுவினார்கள். பெரியவள்தான் ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு என் முறைதான்டி. நீ அவ்வளவு உறுதியா சொன்னப்ப எனக்கே சந்தேகம் வந்துச்சு. அப்புறம் யோசிக்க யோசிக்க, நான்தான் நாளை மாத்தி நெனச்சுட்டேன்னு தெரிஞ்சுது. அத்தை தனியா போனது என்னாலதான். அதைச் சொல்லத்தான் வாய் வரல.”

இதைச் சொல்லிவிட்டுப் பல்லக்கா அச்சை என் வாயிலிருந்து உருவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு என் முறை சார். மதியம் வீட்ல சாப்டுட்டு உட்கார்ந்த இடத்துலயே தூங்கிட்டேன்.”

என் வாய் இப்போது காலிதான். “அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“கொப்பளிங்க,” என்றார்.

5

போன வாரம் அந்தப் பண்ணைக்கு நானே போனேன். இரண்டு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. ரப்பர் பூட்ஸ் போட்டவரிடம், “இதுல கஷ்டப்பட்டுப் பொறந்தது எது?” என்று கேட்டேன்.

“அந்தக் கறுப்புக் காது. என் ஓரகத்தி எடுத்தா,” என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. “வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போவா.”

அது தன் முறை என்று பல்லக்கா சொன்னபிறகும் இவர் இப்படிப் பெருமைப்படலாம். சொல்லாமல் விட்டதாலும் பல்லக்கா வாரா வாரம் வரலாம். இரண்டு முடிவையும் எழுதி வைத்திருக்கிறேன்; இரண்டிலும் அந்த முகம் பொருந்துகிறது. ஒரே ஒரு வாக்கியம் பேசினால் எனக்கு விடை கிடைத்துவிடும். ஒருவேளை அவருக்கும்.

“வேற ஏதாவது கேக்கணுமா?” என்றார், தீனி வாளியைத் தூக்கியபடி.

நீங்கள் என் இடத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். அவர் காத்திருக்கிறார்.