ஏறாத தோட்டா

ஹோல்டர்பாக் வளைவில் கார் மோதி முதுகு முறிந்த பெண்மான் ஐந்து குளிர்காலமாகச் சாகவில்லை. சிவானுஜாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டிலில் அது கிடந்தது. முதல் வருடம் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் வருடம் வைக்கோல் கொண்டுவந்து கொடுத்தது. மூன்றாம் வருடம், வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டால், தேவாலயத்தைத் தாண்டி, பாண் கடையையும் தாண்டி, மான் முனகும் வீட்டில் இடப்பக்கம் திரும்புங்கள் என்று சொல்லப் பழகிவிட்டது.

சிவானுஜா ஜெர்மனியில் எசன் நகரத்தில் பிறந்தவள். தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். உலோக அச்சுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்து, தலைமயிர் தடிப்பிலும் குறைந்த அளவுகளைக் கையால் உணரத் தெரிந்தவளாகி, கஜரூபனைக் கல்யாணம் கட்டி, கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே இந்த மலையோரக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள். கஜரூபனுக்குக் கப்பல் கம்பனி ஒன்றில் கணினி வேலை. வாரத்தில் பாதி ஹம்பேர்க்கில், பாதி வீட்டில். அவன் இல்லாத நாட்களில் காட்டுக்குள் நடந்து பழகியவள், மரஆலைக்காரர் பென்ஜமினோடு சேர்ந்து வேட்டை அனுமதிக்குப் படித்தாள், பரீட்சை எழுதினாள், பிறகு அவரோடு பங்காக அந்தக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கும் எடுத்தாள். சைவப் பிள்ளை துவக்கோடு திரியுதாம் என்று எசனில் கல்யாண மண்டபங்களில் கதைத்தார்கள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சுடுகிறவள் இல்லை. வீதியில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கும் மிருகத்தின் வேதனையை முடித்துவைப்பது அந்தந்தக் காட்டின் வேட்டைக்காரர் பொறுப்பு. பென்ஜமினுக்கு முழங்கால் சரியில்லாததால் பொலிஸ் அவளைத்தான் கூப்பிடும். அதற்காகவே இடுப்பில் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருந்தாள். அதில் போடுவது முனையில் குழி விழுந்த குண்டு. அது உடம்புக்குள் போய் விரிந்து அங்கேயே நின்றுவிடும். ஊடுருவிப்போய்த் தார் வீதியில் பட்டுத் தெறித்து ஆட்களில் பாயாது. ஒரே சூடு, உடனே முடிய வேண்டும், அவ்வளவுதான் அவள் அந்த வேலைக்கு வைத்திருந்த நியாயம்.

மான் அடிபட்ட அந்தக் கார்த்திகை மாதம், பொழுதுபடுகிற நேரத்தில், பொலிஸ் கூப்பிட்டது. அவள் வளைவுக்குப் போனபோது பள்ளத்தில் மான் முன்னங்கால்களால் மண்ணை விறாண்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் நெளிந்த கார் அவளுடைய வீட்டுக் கார். அருகில் நின்றவன், காலையில் ஹம்பேர்க்கிலிருந்து தொலைபேசியில் பேசிய கஜரூபன். காருக்குள் முன் ஆசனத்தில் அவள் முன்பின் கண்டிராத ஒரு பெண் இருந்தாள். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்களாம், காரின் வழிகாட்டி இந்த வழியால் திருப்பிவிட்டதாம் என்று பொலிஸ்காரர் விளக்கினார். பிறகு, சாரதியை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"அவர் என் கணவர்" என்று சிவானுஜா ஜெர்மனில் சொன்னாள். சொல்லிவிட்டு மானிடம் போனாள்.

துப்பாக்கியின் மேற்பகுதியை இழுத்து விட்டு, குறிபார்த்து விசையை அழுத்தினாள். வெடிக்கவில்லை. தோட்டா குழலுக்குள் ஏறாமல், குண்டின் குழிவிளிம்பு வாயிலில் முட்டி, மேலே பார்த்தபடி நின்றது. உதறி எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றினாள். அதுவும் அப்படியே நின்றது. மகசினில் இருந்த கடைசித் தோட்டாவும் முட்டிய பிறகு, பொலிஸ்காரர் தன் துப்பாக்கியை எடுத்தார். அதுவும் சிக்கியது. பென்ஜமின் நொண்டிக்கொண்டு வந்து தன் நீட்டுத் துவக்கை வைத்தார். அது டிக் என்றது, அவ்வளவுதான். மிருக வைத்தியர் ஊசி போட்டார். மருந்து முழுவதும் உள்ளே போனது, மான் கண் சிமிட்டியது. இனி என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு தார்ப்பாயில் தூக்கி அவளுடைய கொட்டிலில் கிடத்தினார்கள். கஜரூபன் அந்த வாரமே இரண்டு பெட்டிகளோடு ஹம்பேர்க்குக்குப் போனான். அந்தப் பெண்ணின் பெயர் றீற்றா என்பதை சிவானுஜா தாயின் வாயால்தான் அறிந்தாள். எசனில் எல்லோருக்கும் அது முதலே தெரிந்திருந்தது.

மான் ஐவிக் கொடியின் இலை தின்றது, அப்பிள் தோல் தின்றது. பகலில் பேசாமல் கிடக்கும். பொழுதுபட்டதும் எழும்பப் பார்க்கும். முன்னங்கால் எழும்பும், பின்பக்கம் வராது. அப்போது அது எழுப்பும் சத்தத்துக்கு ஊர் நாய்கள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். சிவானுஜா ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டாள். கேட்காமல் உள்ளே போவது அவளுக்குக் களவு மாதிரி இருந்தது.

பிழை தோட்டாவில்தான் என்று அவள் முடிவுகட்டினாள். கடைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. சின்னத் துப்பாக்கியின் உடல் கட்டை. அதில் தோட்டா ஏறும் சரிவு செங்குத்து. மேற்பகுதி பின்னால் போய்த் திரும்பி வருவதும் கண்மூடித் திறக்கிற வேகம். உருண்டை மூக்குக் குண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும், குழிமுனைக் குண்டோ உதட்டால் முட்டும். அப்படியென்றால் இந்தத் துப்பாக்கிக்கென்றே ஒரு தோட்டா செய்ய வேண்டும். அவள் அதற்கான படிப்பைப் படித்து, வெடிமருந்து வைத்திருக்க அனுமதி எடுத்து, நிலவறையில் ஒரு மேசையைச் சுவரோடு இறுக்கி, தோட்டா செய்யும் கைநெம்பு அச்சு ஒன்றைப் பூட்டினாள்.

நிலவறையில் அவளுடைய வருடங்கள் போயின. சுட்டுத் தேய்ந்த பித்தளைக் கோதுகளைக் கழுவினாள், பழைய அளவுக்கு நெரித்தெடுத்தாள், வாயைக் கொஞ்சமாக விரித்தாள், மருந்தை நிறுத்து இட்டாள், குண்டை வைத்து அழுத்தினாள், விரித்த வாயைத் திரும்பவும் இறுக்கினாள். முதலில் மருந்தில்லாத வெறுந்தோட்டாக்கள்தான். துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, ஒன்றை உள்ளே விட்டுப் பார்ப்பாள். டொக் என்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் நீளம் கூடிவிட்டது. குண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் குழலில் சரியாக விழும், ஆனால் மகசினிலிருந்து மூக்கைக் குத்திக்கொண்டு வரும். வெளியே இழுத்தால் மகசினிலிருந்து நன்றாக வரும், குழலில் இறுகும். ஒரு வருடம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேடினாள். பிறகு குண்டையே மாற்றினாள். குழி சின்னதாகவும் தோள் உருண்டையாகவும் இருக்கிற வகை அகப்பட்டது. மகசினின் சுருள்வில்லை மாற்றினாள். சரிவைக் கண்ணாடி போல மினுக்கினாள்.

சூட்டுத் திடலில் அந்தத் தோட்டா ஒருநாளும் முட்டவில்லை. ஒரு கையால் சுட்டாள், துப்பாக்கியைச் சரித்துச் சுட்டாள், மழையில் நனைத்துச் சுட்டாள், வேண்டுமென்று கையைத் தளரவிட்டும் சுட்டாள். நெய் பூசியது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. வீட்டுக்கு வந்து அதே மகசினோடு கொட்டிலுக்குள் போய் மானின் முன் நின்றால், முதல் தோட்டா வாயிலில் முட்டி, மேலே பார்த்தபடி நிற்கும். அவள் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கவாத்துப் பண்ணிய ஐவியை அள்ளி மானுக்குப் போட்டுவிட்டு நிலவறைக்குப் போவாள்.

"தோட்டாவில் ஒரு குறையும் இல்லை" என்றார் பென்ஜமின், திடலில் கூடநின்று பார்த்த ஒருநாள்.

"இருக்கிறது. நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்றாள்.

தாய் கமலநாயகி எசனிலிருந்து ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார். "பிள்ளை, அதை ஆரிட்டையாவது குடுத்திட்டு இஞ்சை வா. உன்ரை அறை அப்பிடியே கிடக்கு."

"ஏலாது அம்மா. அது என்னை நம்பிக் கிடக்குது."

"அவன் போய் எத்தினை வருசம். நீ ஒருக்காவெண்டாலும் அழுதனியோ?"

"வேலை கிடக்கு அம்மா. வைக்கிறன்."

ஐந்தாம் குளிர்காலத்தில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, கஜரூபன் வந்தான். விவாகரத்துக்குக் கோர்ட் டெர்மின் என்று இரண்டு தரம் தவணை குறித்தும் அவள் போகவில்லை. றீற்றாவுக்கு வயிற்றில் பிள்ளை. அதைச் சொல்ல அவன் வாசலில் நின்று வெகுநேரம் சப்பாத்துப் பனியைத் தட்டினான். தாடியில் நரை விழுந்திருந்தது. அவள் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துக்கொண்டிருந்தபோது பொழுதுபட்டு, கொட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அவன் கோப்பையை வைத்துவிட்டான்.

"அது... அந்த மானோ? சனம் சொல்லேக்கை நான் நம்பேல்லை, சிவா."

"வந்து பாருங்கோ."

அவன் வைக்கோலில் முழங்காலிட்டு அதன் கழுத்தைத் தடவினான். மான் அவனை முகர்ந்துவிட்டுத் தலையை அவள் பக்கம் திருப்பிக்கொண்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் அழுது முடிக்கும்வரை கதவோரம் நின்றாள். பிறகு, ஐந்து வருடமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"அண்டைக்கு நான் வந்து இறங்கேக்கை என்னைக் கண்டு என்ன நினைச்சனீங்கள்? பொய் சொல்லாதேங்கோ."

அவன் நிமிரவில்லை. "எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சன். அப்பிடி நினைக்க..." என்று இழுத்தான். "நிம்மதியா இருந்தது. அதுதான் உண்மை, சிவா. நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை. கேக்க எனக்கு முகமில்லை."

"நிம்மதி" என்று அவள் திருப்பிச் சொன்னாள், பிற மொழிச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல.

"ஓம்."

"நான் மானை மட்டும்தான் பாத்தனான் எண்டு நீங்கள் நினைச்சிருப்பியள். நான் எல்லாத்தையும் பாத்தனான். நீங்கள் உங்கடை சால்வையைக் கழட்டி அவவின்ரை கழுத்திலை சுத்திவிட்டிருந்தீங்கள், குளிருமெண்டு." குரல் அவளை அறியாமல் உடைந்தது. "உங்களோடை பதினாலு வருசம் இருந்தனான். எனக்குக் குளிருமெண்டு நீங்கள் ஒருநாளும் நினைச்சதில்லையே, ரூபன். நானும் குளிருதெண்டு சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்."

கமலநாயகி எதிர்பார்த்திருந்த அழுகை அப்போது வந்தது. பெரிதாக வந்தது. மான் தன் முனகலை நிறுத்திவிட்டு அதைக் கேட்டது. கஜரூபன் எழும்பி அவளைத் தொட வந்தான், பாதியில் கையைக் கீழே விட்டான். அவள் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள்.

"பின்னுக்கு வந்து நில்லுங்கோ. எனக்குப் பின்னுக்கு."

அவன் நின்றான். திடலுக்குக் கொண்டுபோனதில் மிஞ்சிய, மற்ற எல்லாவற்றையும் போல அவள் செய்த ஒரு தோட்டா மகசினில் இருந்தது. மேற்பகுதியை இழுத்து விட்டாள். தோட்டா ஒரு மூச்சில் ஏறியது. அவள் சுட்டாள். கூரைப் பனி சரிந்து விழுந்தது.

குண்டு பட வேண்டிய இடத்தில் பட்டது. மானின் உடம்பு முழுவதும் ஒருதரம் தளர்ந்து, தலை மெல்ல வைக்கோலில் சாய்ந்தது. இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். விலா ஏறியது, இறங்கியது. அடுத்த நாள் மிருக வைத்தியர் வந்து காதை வைத்துக் கேட்டார். இதயம் அடிக்கிறது, வலி இல்லை, நித்திரை என்றார். அதன் கண்ணைத் திறந்து பார்த்தார், காலைக் கிள்ளிப் பார்த்தார். நல்ல நித்திரை என்று திரும்பவும் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

சிவானுஜா அடுத்த டெர்மினுக்குப் போய்க் கையெழுத்து வைத்தாள். றீற்றாவுக்கு ஆனியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிலவறை மேசையைப் பென்ஜமினின் ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். வளைவில் மிருகம் அடிபட்டால் இப்போது பக்கத்துக் காட்டுக்காரருக்கு அழைப்பு போகிறது. பொழுதுபட்டால் ஊரில் சத்தம் இல்லை. நாய்கள் வெளியே படுக்கின்றன. மான் நித்திரையில் கிடக்கிறது. வைகாசியில் அதன் உரோமம் உதிர்ந்து செந்நிறமாக முளைக்கிறது, ஐப்பசியில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. அவள் வேலைக்குப் போகுமுன் கொட்டில் கதவைத் திறந்து, குளிர் காலையில் அதன் மூக்கிலிருந்து எழும் ஆவியைப் பார்த்து, போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.