நத்தைகள் ஏறியதற்குக் காரணம்

1

இந்தக் கதை நான்கு வரித் திருத்தமாக வந்திருக்க வேண்டியது. ‘பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்தில் வெளியான “மழை வருவதை நத்தை சொல்லும்” என்ற செய்தி தவறானது. வருந்துகிறோம்.’ அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். திருத்தத்துக்கு இடம் கேட்டபோது ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின நத்தைக்கு இப்ப யாருய்யா அழுதா?”

செய்தித்தாளில் இடம் கிடைக்காத உண்மை கதையில் வந்து ஒண்டிக்கொள்கிறது. இங்கே வாடகை குறைவு.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

‘மண்டல அறிவியல் மாநாட்டின் இரண்டாம் நாள் காலையில் வானம் மூட்டமாக’ — வேண்டாம். மேகத்தைக் காட்டினால் வாசகர் உடனே நத்தையைத் தேடுவார்.

‘சிறப்புரையாளர்கள் மூன்று வகைப்படுவர். நேரத்துக்குள் முடிக்க முடியாதவர், முடிக்க விரும்பாதவர்’ — மூன்றாவது வகை அகப்படவில்லை என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். பிறகுதான் தோன்றியது: எந்தப் புகழுக்காக அழைத்தார்களோ, அந்தப் புகழையே திருப்பிக் கொடுக்க வந்தவர். அப்படி ஒருவரை மட்டும் பார்த்திருக்கிறேன். விலங்கியல் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் நத்தை மேடம்.

3

அவருடைய ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வக ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டிகள், தொட்டிகளில் நத்தைகள். மழைக்கு ஒரு மணி நேரம் முன்பு அவை நீரை விட்டுச் சுவரில் ஏறின. மூன்று மழைக்காலம் குறிப்பெடுத்தார். கட்டுரை வந்தது, நான் செய்தி எழுதினேன், ஆறாம் வகுப்புப் பாடநூலில் குடை பிடித்த நத்தையின் படமும் வந்தது.

சென்ற ஆண்டு ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் காலத்தில் மழை கொட்டியது. நத்தைகள் அசையவில்லை. மேடம் பழையவரிடம் தொலைபேசியில் பேசினார்.

“மேகம் கூடினா ஜன்னலைச் சாத்திடுவேன் மேடம். நோட்டெல்லாம் நனைஞ்சிடும்ல.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். நீங்க கேக்கவே இல்லையே.”

அவை மரக் கதவு போட்ட ஜன்னல்கள். சாத்தினால் அறை இருட்டும். இருட்டினால் நத்தை ஏறும். நல்ல வெயிலில் சாத்திப் பார்த்தார். சமர்த்தாக ஏறின.

[மழையைச் சரியாகக் கணித்த உயிர் ஒன்று அந்த அறையில் இருந்தது உண்மை. கட்டுரையின் நன்றிப் பகுதியில்கூட அவர் பெயர் இல்லை. கதைக்குத் தோதாக ஓய்வு பெறும் இப்படிப்பட்ட ஆளை நான் நம்புவதில்லை. அவரை நீக்கிப் பார்த்தேன், ஜன்னலைச் சாத்த ஆளில்லை. அதனால் இருக்கிறார்.]

4

உரைக்கு முன், விருந்தினர் அறை. பேட்டிக்காக நான் மூலையில் காத்திருந்தேன். மாநாட்டுச் செயலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது.

“அந்த ஜன்னல் விஷயம் வர்ற முப்பத்தோராவது ஸ்லைடை மட்டும் எடுத்துடுங்க மேடம்.”

“அதை எடுத்தா மிச்ச முப்பதும் பொய்.”

“வியாழக்கிழமை எனக்கு நேர்காணல். பேராசிரியர் பதவிக்குப் பதினோரு வருஷமா நிக்கிறேன். என் பேர்ல சொல்லிக்கிற மாதிரி இருக்கிறது இந்த ஒரு கட்டுரைதான்.”

“தெரியும். அதனாலதான் போன மாசமே உங்ககிட்ட சொன்னேன்.”

“பத்து நாள் கழிச்சுச் சொல்லுங்க. நானே கூட நின்னு சொல்றேன். நத்தைக்கு இல்லாத அவசரம் நமக்கு எதுக்கு?”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த மாதிரி பேச்சை நேர்காணல்ல பேசிடாதீங்க” என்றவர், அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

“நீங்க அந்தப் பத்திரிகைக்காரர்தானே? முதல்ல எழுதினது?”

“ஆமாங்க.”

“நல்லா எழுதியிருந்தீங்க. அதான் வினையே.”

5

அரங்கில் வழக்கம்போல முதல் இரண்டு வரிசை காலி. அமர்வுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். இதைவிட நாகரிகமான மிரட்டல் கல்விப்புலத்தில் கிடையாது. முப்பது ஸ்லைடுகள் ஓடின. குடை நத்தைக்குக் கைதட்டல்கூட விழுந்தது.

மேடம் நிறுத்தினார். “அடுத்த ஸ்லைடை நான் தனியாக் காட்டுறது நியாயமில்ல. கட்டுரையில ரெண்டாவது பேர் இருக்கு. செயலாளரே வந்து மாத்தட்டும்.”

அவையினர் இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். செயலாளர் புன்னகையோடு மேடையேறினார். அந்தப் புன்னகையைப் பற்றி மூன்று வரி எழுதினேன். மூன்றும் பொய்யாக இருந்தன, அடித்துவிட்டேன். மேடம் ஸ்லைடு மாற்றும் கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

[இது கருணையா, பழிவாங்கலா? மேடத்திடம் பின்னால் கேட்டேன். “பேர்ல பாதி அவருது. தப்புல அவரோட பாதியையும் நானே வெச்சுக்கிட்டா அது திருட்டு” என்றார்.]

6

முடிவு ஒன்று: அழுத்துகிறார், பதவி போகிறது, நிம்மதியாகத் தூங்குகிறார். நீதிக்கதையில்தான் இப்படித் தூக்கம் வரும்.

முடிவு இரண்டு: ‘நேரமாகிவிட்டது, மீதியை அடுத்த மாநாட்டில்’ என்கிறார். தலைவர் அகமகிழ்ந்து கடிகாரத்தைக் கட்டிக்கொள்கிறார். வியாழக்கிழமை

இதையும் பாதியில் விடுகிறேன். நடந்தது எனக்குத் தெரியும், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நான் சொன்னால், அழுத்தியிருந்தால் அவரை மெச்சுவீர்கள், இல்லையென்றால் ஏசுவீர்கள். இரண்டும் உங்களுக்குச் செலவில்லாத வேலை.

எனவே கருவி உங்கள் கையில். அரங்கம் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது. இன்று திங்கள். பதில் சொல்ல அவசரமில்லை. நல்லவராக மட்டும் சொல்லிவிடாதீர்கள், இரண்டாவது பெயருக்குரியவராகச் சொல்லுங்கள்.