விண்ணரசி திருச்சிக்குப் போன நாள்

ஒரத்தநாடு பக்கம் எண்ணூறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நெல் கம்பெனியில் விண்ணரசி மேலாளர். நாற்பது வயதில் அவளுக்கு எம்.பி.ஏ. படிக்கும் ஆசை வந்தது.

கணவர் குழந்தைராஜ் மறுநாளே தஞ்சாவூரில் பகுதிநேரப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். மூன்று வருடம், வாரத்தில் ஐந்து நாள் மாலை வகுப்பு. பட்டம் இருந்தால் போதும், அனுபவம் கேட்கமாட்டார்கள். ஆனால் அறுவடைக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு அவள் களத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

திருச்சியில் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. நடத்தும் நிறுவனத்துக்கு போன் செய்தாள். பேசியவர் ஆயிஷா என்ற பேராசிரியர்.

"பகுதிநேரம்னா முழுநேரப் படிப்பையே நீட்டிப் படிக்கிறதுங்க. இங்க வர்றவங்க ஏற்கெனவே பொறுப்புல இருந்து முடிவெடுக்கிறவங்க. மாசத்துல ஒரு வாரக்கடைசி, ஒன்றரை வருஷம். உங்க கம்பெனி பிரச்சினைதான் உங்களுக்குப் பாடம்."

அன்று முழுக்க விண்ணரசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நேர்காணல் மார்கழியில் வந்தது. அன்று திருச்சிக்கு அவள் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எரிவாயுக் குழாய் பதிக்க வந்தவர்கள், கதிர் முற்றிய ஆறு வயல்களில் பொக்லைனை இறக்கப் பார்த்ததால் ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. அவை எல்லாம் அவள் கம்பெனி உறுப்பினர்களுடையவை. முன்வரிசையில் அந்த உறுப்பினர்களில் ஒருத்தியான பூவம்மாள். போலீஸ் வேனிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

விண்ணரசி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே நின்ற தாசில்தாரிடம் போனாள். கம்பெனியின் இரண்டு அறுவடை இயந்திரங்களும் நாளையே இந்த வயல்களுக்கு வரும், ஒரு வாரத்தில் அறுப்பு முடியும், அதற்குள் கிராம சபை கூடட்டும், அதுவரை பொக்லைன் இறங்கக் கூடாது என்றாள். பூவம்மாள் அதை எழுதித் தரச் சொன்னாள். ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு தாசில்தார் எழுதிக் கொடுத்தார். கூட்டம் எழுந்தது.

நேர்காணல் நேரம் தாண்டியிருந்தது. வரப்பில் நின்றபடியே ஆயிஷாவை அழைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் போனிலேயே நேர்காணலைத் தொடங்கிவிட்டார்.

"அந்த மெஷின் ரெண்டும் நாளைக்கு வேற எங்கயும் போக வேண்டியதில்லையா?"

"எங்க கம்பெனித் தலைவர் வயலுக்குப் போகணுங்க."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க. நான்தான் சொல்லணும். கோபப்படுவார். ஆனா அவர் நெல்லு பத்து நாள் தாங்கும். இங்க விட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அடுத்த கேள்வி வந்தது. அரை மணி நேரம் கேள்விகள் தொடர்ந்தன. ஆயிஷா கேட்பதை நிறுத்திவிடுவாரோ என்றுதான் விண்ணரசிக்குப் பயமாக இருந்தது.

தலைவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கிராம சபை குழாய் வேண்டாமென்று தீர்மானம் போட்டது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தை பிறந்ததும் சேர்க்கைக் கடிதம் வந்தது.

முதல் வகுப்பில் அவளுக்கு ஒரு பக்கம் மருத்துவமனை நிர்வாகி, மறுபக்கம் நூற்பாலை மேலாளர். ஆயிஷா அவளை எழுந்து அந்தச் சாலை மறியலைச் சொல்லச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. தலைவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றார் நூற்பாலைக்காரர். விண்ணரசி நோட்டை மூடிவைத்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள்.