மெமரி கார்டில் ஓடிய தண்ணீர்

மெமரி கார்டு தன் விரல்களைத் தின்றுவிட்டது என்று மொரிபா தியாபதே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரும் மனைவி சித்தானும் மாலி நாட்டின் பமாக்கோ நகரில் கல்யாண வீடுகளில் பாடிப் பிழைப்பவர்கள். சித்தான் பாடுவாள். மொரிபா தோல் போர்த்திய சின்ன ங்கோனியை மடியில் வைத்து அதன் நரம்புகளை மீட்டுவார். அந்த வருஷம் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டுப் பதிந்தார்கள். அதில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கேட்டது, நகம் உரசுவதுகூடக் கேட்டது. மொரிபா தன் விரல்களுக்குத் தானே முத்தம் கொடுத்துக்கொண்டார்.

பிறகு பாட்டு மெதீன் சந்தைக்குப் போனது. அங்கே சியாக்கா தியாராவின் கடையில்தான் ஊரே போனுக்குப் பாட்டு ஏற்றிக்கொள்ளும். பாட்டு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கார்டில் எத்தனை பாட்டுப் பிடிக்கும் என்றுதான் கேட்பார்கள். அதனால் சியாக்கா எல்லாவற்றையும் பிழிந்து சுருக்கியே ஏற்றுவான். உரத்த குரலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஓசை எப்படியும் காதில் விழாது என்று கணினி தானாகவே முடிவு செய்து அதைக் கழித்துவிடும். சித்தானின் குரல் உரத்தது, நரம்புகள் மெல்லியவை. பக்கத்துக் கடைக்காரர்கள் சியாக்காவிடமிருந்து எடுத்து மறுபடி சுருக்கினார்கள். கடைசியில் ங்கோனி இருந்த இடத்தில் சாக்கடையில் தண்ணீர் சுழல்வதுபோல ஒரு சளசளப்புதான் மிஞ்சியது.

பாட்டு ஊரையே தூக்கிக்கொண்டு போனது.

மொரிபா கடைக்குப் பாய்ந்தார்.

"என் வாத்தியம் எங்கடா, பயறு தின்னி?"

தியாபதே குலமும் தியாரா குலமும் கேலிமுறைக்காரர்கள். பார்த்தால் இப்படி வைதுதான் தொடங்க வேண்டும், எவ்வளவு வைதாலும் அது விளையாட்டுதான். கோபமாக இருந்தாலும் முறை முறைதான்.

"பயறுன்னு நெனச்சு நீயே முழுங்கியிருப்ப. வயித்தைத் தட்டிப் பாரு, என் அடிமையே!"

"விளையாடலடா. நெசமாவே கோவத்துல பேசறேன்!"

"அடடா, மூஞ்சி செவக்கறதைப் பாருங்கப்பா! என்னமா நடிக்கிறான்!"

கடையே கைதட்டியது. அவர் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. ஒருவன் டீ வாங்கிக்கூடக் கொடுத்தான்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணம். இன்றைக்காவது தன் விரல்களை ஊர் கேட்கட்டும் என்று மொரிபா புது நரம்பு கட்டிக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்த நுணுக்கம் அத்தனையும் முதல் அடியிலேயே இறங்கியது. மணப்பெண்ணின் அத்தை நியேலே எழுந்து கையைக் காட்டினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது ஒரிஜினல் இல்ல."

"ஒரிஜினலே இதுதாம்மா," என்றார் மொரிபா.

"எங்கிட்டயேவா? என் போன்ல கேளுங்க. தண்ணி ஓடும். நீங்க கொசு அடிக்கற மாதிரி டிங் டிங்குன்னு... சித்தான், அடுத்த கல்யாணத்துக்கு அந்தத் தண்ணி வாசிக்கறவரைக் கூட்டிட்டு வா."

"நான்தான் அவன்!"

"பாவம் பெரியவரே, ஆசை யாரை விட்டுது?"

கூட்டம் சிரித்தது. மொரிபா மனைவியைப் பார்த்தார். அடுத்த கல்யாணத்தில் அவள் பக்கத்தில் வேறு எவனோ உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் தெரிந்தது. அவள் கண்ணிலும் அதுதான் தெரிந்திருக்க வேண்டும். யாரோ குடித்துவிட்டுத் தரையில் போட்ட காலி பிளாஸ்டிக் தண்ணீர்ப் பையை எடுத்து, வேறு பக்கம் பார்த்தபடி நீட்டினாள்.

"இந்தாங்க. நரம்பு மேல போட்டுத் தேயுங்க."

அவர் தேய்த்தார். சளசள என்றது.

"இதோ! இதுதான் ஒரிஜினல்!" நியேலே தன் காதணியைக் கழற்றி அவர் மடியில் போட்டு ஆடினாள். அதன் பிறகு தண்ணீர்ப் பை இல்லாமல் அவரை யாரும் கூப்பிடவில்லை.

மழைக்காலத்துக்குள் பையின் சளசளப்போடு பாட்டை மறுபடி பதிந்தார்கள், அதே கூடத்தில், அதே சுத்தத்தோடு. மொரிபா இந்தத் தடவை விரலுக்கு முத்தம் கொடுக்கவில்லை. பதிவு சியாக்காவிடம் போனது. அவன் வழக்கம்போலச் சுருக்கினான். கணினியும் வழக்கம்போல யோசித்து, இந்தச் சளசளப்பு யாருக்கும் வேண்டாம் என்று கழித்துவிட்டது.

சியாக்கா வியர்த்து விறுவிறுக்க மொரிபாவின் வீட்டுக்கு வந்தான்.

"தண்ணியைக் காணோம்னு எல்லாரும் கார்டைத் தூக்கிட்டு வந்து என்னை மொத்தறாங்க. நெசமாத்தான் சொல்றேன், அண்ணே!"

மொரிபா தெருவையே கைதட்டிக் கூப்பிட்டார்.

"வாங்கப்பா, வந்து பாருங்க. பயறு தின்னி என்னமா நடிக்கிறான்!"