எண்ணூர் வரை போகிறவர்கள்

நாற்பது நாடாவிலும் ஆளுக்கொரு பேரைத் தைத்துக் கொடுத்தவள் என் தங்கை செல்லக்கனி. அவள் பேரை வெள்ளை நாடாவில் தைக்கச் சொன்னவன் நான்.

துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்கள் நாங்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு நடக்கப் போவோம். எல்லார் காலும் ஒன்றுபோல் இருக்காதே, அதற்குத்தான் நாடா. சிவப்புக் கட்டியவர்கள் ராயபுரத்திலிருந்து கடலோரமாக எட்டு மைல், எண்ணூர் முகத்துவாரம் வரை நடந்து, ரயிலில் திரும்புவார்கள். மஞ்சள், திருவொற்றியூரோடு சரி. வெள்ளை, காசிமேட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற வயசாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும். ஏற்பாடு என்னுடையது. அதில் எனக்குப் பெருமை வேறு.

செல்லக்கனிக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. மூங்கில் கோலைக் கக்கத்தில் கொடுத்து ஊன்றித்தான் நடப்பாள். போன தடவை பரங்கிமலைக்குப் போனபோது அவளை அடிவாரத்தில் சாப்பாட்டுக் கூடைகளுக்குக் காவல் வைத்துவிட்டு நாங்கள் மலையேறினோம். இந்தத் தடவை, குடியரசு தினத்துக்கு முந்தின சாயங்காலம், "நானும் எண்ணூருக்கு வரேண்ணே" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உன்ன இஸ்துகினு நாங்க எப்போ போய்ச் சேர்றது? ஒருத்தியால எல்லாருக்கும் பேஜாரு. பேசாம வெள்ளையக் கட்டு."

அவள் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அந்தப் பேசாமையைத்தான் மறுநாள் முழுக்க நினைத்து நினைத்துச் செத்தேன்.

காலையில் அவள் பாய் சுருட்டியிருந்தது. மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போயிருப்பாள் என்றாள் அம்மா. அங்கிருந்தே வெள்ளைக்காரக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வாள் என்று நானும் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டேன். வெள்ளைக்காரக் கூட்டம் என்று நாங்கள் கேலியாகத்தான் சொல்வது. சுதந்திரம் வந்து ஏழாவது வருஷம்.

திருவொற்றியூரில் நாங்கள் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது மணி ஒன்பது ஆகப்போகிறது. வெள்ளை நாடாவுக்குப் பொறுப்பான அலி அக்பர் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது.

"தவசி, உன் தங்கச்சி காசிமேட்டுக்கு வரவே இல்லப்பா. கோயில்ல விசாரிச்சேன், அங்கயும் வரலயாம். உன்கிட்ட சொல்லலாம்னு வந்துகினு இருந்தேன், தண்டையார்பேட்டைப் பாறை மேல இது கெடந்துச்சு."

வெள்ளை நாடா. அதில் அவள் பேர்.

சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை பேரும் வந்த வழியே திரும்பினோம். பாறையடியில் மீன்பிடிக்காரர்கள் இரண்டு கட்டுமரம் தள்ளி வலை போட்டார்கள். நான் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, பாறை இடுக்குகளில் கையை விட்டுத் துழாவினேன். கையில் பாசி தட்டுப்பட்டபோதெல்லாம் அவள் தலைமுடி என்று அலறினேன். 'ஒருத்தியால எல்லாருக்கும் பேஜாரு.' சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. ஆண்டவரே, அவளைக் கொடுத்துவிடும், எண்ணூர் என்ன, எங்கே கேட்டாலும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று வாய்விட்டுக் கத்தினேன். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "கோல் ஊனிகினு ஒரு பொண்ணு ராயபுரம் பக்கம் திரும்பிப் போச்சா?" என்று கேட்டேன். இல்லை, இல்லை என்றார்கள்.

மூன்று மணி இருக்கும். காலையில் கேட்டபோது இல்லையென்று தலையாட்டிய கருவாட்டுக்காரி வரலட்சுமி, கூடையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவள், என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னும் தேடிகினுதான் கீறியா? வெடியக் காலம்பர ஒரு நொண்டிப் பொண்ணு வடக்கால போச்சே, அதுவா?"

"காலையில இல்லன்னியே!"

"நீ திரும்பிப் போச்சான்னுதானே நைனா கேட்ட?"

அலி அக்பரின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டினேன். நாங்கள் இட்லி தின்ன உட்கார்ந்தபோது அவள் எங்களுக்கு ஒரு மைல் முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். தன் நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பியிருக்கிறாள்.

முகத்துவாரத்து மணலில் உட்கார்ந்து தெற்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. கோல் ஊன்றிய கக்கத்தில் ரவிக்கை கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. மணிக்கட்டில் சிவப்பு நாடா. அதிலும் அவள் பேர், எல்லார் பேரையும் விட நேர்த்தியாக.

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உன்னக் கடல்ல தேடினேன் கனி."

"பன்னெண்டு மணிலேர்ந்து பாத்துகினு கீறேன். நீங்கல்லாம் வந்து என்னப் பாத்தா மூஞ்சி எப்படிப் போவும்னு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். ஏண்ணே யாருமே வரல?"

"உன்னக் காணோம்னு எல்லாரும் திரும்பிட்டோம்மா. ராயபுரம் வரைக்கும் தேடினோம்."

"எல்லாரும் பின்னாடியேவா தேடினீங்க?"

நான் தலையாட்டினேன். அவள் நாடாவை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். கோலை ஊன்றி, என் கையைப் பிடிக்காமல் எழுந்தாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு. நீ முன்னாடி போண்ணே," என்றாள். "நான் பின்னாடி வரேன்."