அவசரக்குடுக்கையின் கைதட்டல்

அன்று காலை எங்களுக்குப் பிடித்த பாடகியின் ரசிகர் குழுவில் அண்ணன் எழுதியது இதுதான்: “நம்ம தையல்கடை டெய்லருக்கு ஆல்பம்தான் பிடிக்கும், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. வேர்வை தெரியணும்னா கச்சேரிப் பதிவு கேளுங்கய்யா!” மதியம் மாரடைப்பில் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து, அவன் பதிவு செய்த கச்சேரி ஒன்றைக் குழுவை நடத்தும் டெய்லருக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு அழைத்தார்.

“பிரமாதம், தங்கச்சி. ஆனா பாட்டு முடியறதுக்குள்ள எவனோ அவசரக்குடுக்கை கைதட்டுறான். அதை வெட்டிட்டு எல்லாருக்கும் அனுப்பிடறேன்.”

“வெட்டாதீங்க, டெய்லரண்ணா. அந்த அவசரக்குடுக்கை எங்கண்ணன்தான்.”

“பாட்டு கெடுதேம்மா.”

“கெடட்டும். அது இல்லாம இந்தப் பதிவு யாருக்கும் போகக் கூடாது.”

முழுதாகவே அனுப்பினார். நான்காவது பாட்டில் பாடகி மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், அண்ணன் மட்டும் கைதட்டுகிறான். அவள் சிரித்துவிட்டுத் தொடர்கிறாள்.